தும்பிக்கையில் எலும்பில்லை

மதிப்புக்குரிய ஐயா,

ஓய்வு நேரங்களில் டைனோசர்களையும் அழிந்துபோன பிற விலங்குகளையும் வரைந்து வருகிறேன். எங்கள் கோயிலின் யாளி வாகனத்தைப் பார்த்து, உயிருள்ள யாளி எப்படி இருந்திருக்கும் என்றும் வரைந்திருக்கிறேன். எலும்பு மட்டுமே கிடைத்த விலங்கிற்குத் தோலும் நிறமும் கொடுப்பது பொய்யல்லவா என்று நண்பரொருவர் கேட்டார். அப்படியாயின் என் டைனோசருக்கும் யாளிக்கும் என்ன வேறுபாடு?

வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

பொய்யாகாது என்பதே என் பதில். ஆனால் ஊகம் எதன்மேல் நிற்கிறது என்பதை வரைபவர் அறிந்திருக்க வேண்டும்.

யானையின் தும்பிக்கையில் எலும்பே இல்லை. ஆயினும், உயிருள்ள யானையைக் கண்டிராத ஒருவர் அதன் மண்டையோட்டில் மூக்குத் துவாரம் தாடை நுனியிலன்றி உயரத்தில் அகன்று திறந்திருப்பதையும், முகத்துக்குச் செல்லும் நரம்பின் துளை பெரிதாயிருப்பதையும் கவனித்தால், அங்கே தசை மிகுந்ததோர் உறுப்பு இருந்திருக்க வேண்டும் என உய்த்துணரலாம். கழுத்து குட்டை, கால்கள் நெடியவை. ஆகவே அவ்வுறுப்பு நிலத்தையும் நீரையும் எட்டியிருக்க வேண்டும். காதின் அளவும் தோலின் சுருக்கங்களும் மட்டுமே அவருடைய கற்பனைக்கு எஞ்சுகின்றன.

இந்த ஊகம் தவறலாம். 1854இல் இலண்டனில் வைக்கப்பட்ட, இகுவானொடான் என்னும் டைனோசரின் சிலையின் மூக்கில் ஒரு கொம்பு இருந்தது. 1878இல் பெல்ஜியச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட பின்னரே அது கைப் பெருவிரலின் முள் என்பது உறுதியாயிற்று. நிறமும் எப்போதும் கற்பனையன்று. சீனாவில் கிடைத்த சைனோசோரொப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் இறகிழைகளில் நிறமித் துணிக்கைகளின் தடங்களைக் கண்ட ஆய்வாளர்கள், அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று 2010இல் காட்டினார்கள். உங்கள் டைனோசரை நாளை கிடைக்கும் ஓர் எலும்பு மறுக்கக்கூடும். யாளியை எந்த எலும்பும் மறுக்காது. நீங்கள் கேட்ட வேறுபாடு இதுதான், அது பெரிய வேறுபாடு.

டைனோசர்களோடு நின்றுவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இரத்தினபுரியின் மாணிக்கக்கல் படிவுகளிலிருந்து இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல விவரித்த நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் இத்தீவில் வாழ்ந்தவை. யாழ்ப்பாணத்தில் நம் காலடியிலுள்ள சுண்ணக்கல்லோ, மயோசீன் எனப்படும், கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலக் கடலின் அடித்தளம். இவற்றைத் தமிழ்ப் பிள்ளைகள் பார்க்கும்படி வரைய நம்மிடையே ஆட்கள் வேண்டும். நீர்யானையை வரையும்போது கொழுப்பையும் தடித்த உதட்டையும் மறவாதீர்கள். மண்டையோட்டின்மேல் தோலை மட்டும் இழுத்துப் போர்த்தினால், கோரைப்பற்கள் துருத்திய ஓர் அரக்கன்தான் கிடைக்கும்.

சிங்க உடலும் யானைத் தும்பிக்கையும் கொண்ட யாளியையும் இதே கண்டிப்புடன் வரையுங்கள். சிங்கத்தின் மூக்குத் துவாரம் முகத்தின் முன்நுனியில் இருக்கிறது; அங்கே தும்பிக்கையை ஒட்டவைத்தால் அது தொங்குமேயன்றி இயங்காது. துவாரத்தை மேலே நகர்த்தி, நெற்றியை உயர்த்தி, அந்தப் பாரத்தைத் தாங்கும்படி பிடரியைத் தடிப்பாக்குங்கள். பிறகு, இரையைக் கடிக்கும் கணத்தில் அந்தத் தும்பிக்கை எந்தப் பக்கம் விலகும் என்பதைச் சிறு வரைவுகளில் தீர்த்துக்கொண்டு பெரிய தாளுக்குச் செல்லுங்கள்.