முன்கூட்டி ஓய்வு பெற்றவர்களும் ஏறிக்கொண்டே போகும் பிரீமியமும்: கேள்வி பதில்

பொதுக்காப்பீட்டுத் துறையில் 27 ஆண்டு இருந்துவிட்டு 54 வயதில் விருப்ப ஓய்வில் வந்தவன் நான். மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வு வருமானத்துக்கும் நடுவே தவிக்கிற நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூர், 56 வயது, தனியார் ஆலையிலிருந்து விருப்ப ஓய்வு: எனக்கும் மனைவிக்கும் சேர்த்து 10 லட்சம் பாலிசி. இரண்டு வருடம் முன்பு 31,000 கட்டினேன், இப்போது 42,000 கேட்கிறார்கள். ஒரு கிளெய்ம்கூட செய்யவில்லையே சார், ஏன் இப்படி?

பிரீமியத்தை இரண்டு பக்கமிருந்து தள்ளுகிறார்கள். ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவு ஏறுவது. இது எல்லா வயதுக்கும் உண்டு. இன்னொன்று, உங்கள் வயது. பல நிறுவனங்கள் 46-50, 51-55, 56-60 என்று வயதை அடுக்காக வைத்திருக்கின்றன. ஒரு அடுக்கைத் தாண்டுகிற வருடம் பிரீமியம் ஒரே தாவலாகத் தாவும். நீங்கள் 55-லிருந்து 56-க்கு வந்திருக்கிறீர்கள், அதுதான் பெரும்பாலும் காரணம். கிளெய்ம் செய்யாததற்குப் பலன் பொதுவாகக் காப்பீட்டுத் தொகை கூடுவதாகத்தான் வரும், பிரீமியம் குறைவதாக அல்ல.

நம் வருமானத்தை எந்தப் பக்கமும் யாரும் தள்ளுவதில்லை. தனியார் ஊழியர்களுக்கு பி.எஃப். வழியாக வருகிற இ.பி.எஸ். 95 பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பென்ஷன் தொடங்குகிற அன்று முடிவாகிற தொகைதான் கடைசிவரை. 58 வயதுக்கு முன்னால் எடுத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் வேறு குறைப்பார்கள். அவசரமில்லை என்றால் 58 வரை அதைத் தொடாதீர்கள். 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டியே தருவார்கள்.

சேலம்: மூத்த குடிமக்களுக்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உத்தரவு வந்ததே, எனக்கு ஏன் 22 சதவீதம் ஏறியது? வயது 57.

அந்த உத்தரவு 2025 ஜனவரி இறுதியில் வந்தது. 60 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கும் 10 சதவீதத்தைத் தாண்டவே கூடாது என்பதில்லை, தாண்டுவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் முன்கூட்டிக் கலந்து பேச வேண்டும் என்பதே விதி. 50 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இந்தக் குடைகூட இல்லை. முன்கூட்டியே சம்பளம் நின்றுபோனவர்களில் பலர் இந்த வயதில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஓய்வூதியர் சங்கங்கள் இதை எழுப்ப வேண்டும்.

மதுரை, வங்கியில் 2000-ஆம் ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியே வந்தவர்: எங்கள் பென்ஷனில் பஞ்சப்படி (அகவிலைப்படி) ஏறத்தானே செய்கிறது, ஆனாலும் க்ரூப் பாலிசி பிரீமியம் வந்தால் கை நடுங்குகிறது. ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்கள் என்றார்களே?

அந்தத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தீர்கள். எல்லோருக்கும் இதே கதைதான் ஐயா. பஞ்சப்படி என்பது அடிப்படைப் பென்ஷனில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. அந்த அடிப்படை நீங்கள் வெளியே வந்த நாளின் சம்பளத்தில் உறைந்து கிடக்கிறது. சிறிய தொகையில் எத்தனை சதவீதம் ஏறினாலும் கைக்கு வருவது கொஞ்சம்தான். பஞ்சப்படியைத் தீர்மானிக்கிற விலைவாசிப் புள்ளியில் உணவுப் பொருள்களுக்குத்தான் பெரிய பங்கு, மருத்துவத்துக்குச் சிறிய இடம்.

க்ரூப் பாலிசியில் இன்னொரு சிக்கல். வேலையில் இருப்பவர்களைத் தனியாக வைத்து ஓய்வு பெற்றவர்களை மட்டும் ஒரு கூட்டமாக எடுத்தால், அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் வயது ஏறும், கிளெய்மும் ஏறும். அடுத்த வருட பிரீமியம் இந்த வருட கிளெய்மைப் பார்த்துத்தான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போனது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்குத்தான். க்ரூப் பாலிசிக்கு அது அப்படியே இருக்கிறது. தனிப் பாலிசியிலும் முழு 18 சதவீதம் குறைந்ததாக உணர மாட்டீர்கள். நிறுவனங்கள் தாங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதால் அடிப்படை பிரீமியத்தையே ஏற்ற அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆனாலும் க்ரூப் பாலிசியை விடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களைக் கேள்வி கேட்காமல் ஏற்கிற பாலிசி உங்கள் வயதில் வேறு கிடைப்பது கடினம்.

தஞ்சாவூர்: பிரீமியத்தைக் கட்டுவதற்குப் பதில் அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் என்ன அண்ணா?

என் சொந்த அண்ணன் இதைத்தான் செய்தார். 58-இல் பாலிசியை விட்டார். 61-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், சேர்த்து வைத்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரே வாரத்தில் போயிற்று. அதன்பிறகு புதுப் பாலிசிக்கு மூன்று இடத்தில் விண்ணப்பித்தார், மூன்றிலும் மறுத்துவிட்டார்கள். கிளெய்ம் செய்தீர்கள் என்பதற்காக ரினீவலை எந்த நிறுவனமும் மறுக்க முடியாது. ஆனால் புதிதாகக் கேட்டால் மறுக்கலாம். பாலிசியை விடுவதில் இருக்கிற ஆபத்து இதுதான். வருடப் பிரீமியம் கட்டுபவர்களுக்குக் கெடு தேதிக்குப் பிறகு 30 நாள் உண்டு. அதற்குள் கடன் வாங்கியாவது கட்டிவிடுங்கள்.

ஈரோடு: அப்போ பிரீமியத்தைக் குறைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. 15 லட்சம், 20 லட்சம் என்று ஒரே பாலிசியாக வைத்திருந்தால், அடிப்படையை 5 லட்சமாக்கி அதன்மேல் சூப்பர் டாப்-அப் போடுவது மலிவு. டாப்-அப் என்பது ஒரு வரம்பைத் தாண்டிய செலவை மட்டும் தருகிற கூடுதல் பாலிசி. சூப்பர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றும் 4 லட்சம் என்று வைப்போம். மொத்தம் 8 லட்சம். அடிப்படை பாலிசி 5 லட்சம் கொடுக்கும். 5 லட்ச வரம்புள்ள சாதா டாப்-அப், எந்தப் பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று சொல்லி ஒரு பைசா தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து மீதி 3 லட்சத்தைத் தரும். ஒன்று மட்டும் கவனம்: சூப்பர் டாப்-அப் புதுப் பாலிசி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதற்குப் புதிதாகத் தொடங்கும். அது முடிகிற வரை அடிப்படையைக் குறைக்க வேண்டாம்.

கோ-பே, அதாவது பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது, 10 சதவீதம் ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையும், அது தாங்கக்கூடியது. ரூம் வாடகை வரம்பை மட்டும் ஏற்காதீர்கள். 5,000 ரூபாய் வரம்பு வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே பாதியாக வெட்டப்படும். மருந்து, உள்ளே பொருத்துகிற கருவி, பரிசோதனை இவை தப்பும். டிஸ்சார்ஜ் மேஜையில் இந்த வெட்டைப் பார்த்துக் கலங்கி நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி, 54 வயதில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு): தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டதுதானே?

போகவில்லை! 5 வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்வாலோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்திருந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். உங்களுக்கும் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. மாதம் 120 இல்லை, வருடம் 120. உங்கள் கிளை அலுவலகத்தில் ஓய்வுச் சான்றோடு போய்க் கேளுங்கள். கோவை சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கிறது. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது கிடைக்காது. அதனால் வேலையை விடும்போது கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

சென்னை, மத்திய அரசு அலுவலகம், 20 வருடம் முடித்து விருப்ப ஓய்வு யோசிக்கிறேன். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) வாழ்நாள் அட்டைக்கு மொத்தமாகக் கட்டலாமா?

கண்டிப்பாகக் கட்டுங்கள். 10 வருடச் சந்தாவை ஒரே முறை கட்டினால் ஆயுள் முழுக்க. சம்பள லெவல் 7 முதல் 11 வரை மாதம் 650, ஆக 78,000. பழைய பென்ஷன் திட்டத்தில் இருந்தால் உங்கள் அகவிலைப்படி ஏறும், இந்தத் தொகை ஏறாது. இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்ட மற்ற எவருக்கும் கிடைக்காத வசதி இது.

திருநெல்வேலி: மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வருமான வரியில் கிடைக்கிற 80டி கழிவு?

பழைய வரி முறையில் மட்டும். 60 வயது வரை 25,000, அதன்பின் 50,000. புதிய முறைக்கு மாறியிருந்தால் இல்லை.

ஓசூர், 51 வயது: 55-இல் வேலையை விடுவதாக இருக்கிறேன். கம்பெனி பாலிசி இருக்கிறது. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

இந்த மாதமே சொந்தப் பாலிசி எடுங்கள். கம்பெனி பாலிசி அடையாள அட்டையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 3 வருடம். இப்போது எடுத்தால் 55-இல் அது முடிந்திருக்கும். சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. 55-இல் பிரீமியம் 30,000 என்று வைத்து, வருடம் 12 சதவீதம் ஏறினால் 6 வருடத்தில் இரட்டிப்பு, 67 வயதில் 1,17,000 வந்துவிடும். மறுபக்கம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீதத்தில் வருடம் 2,46,000. விருப்ப ஓய்வில் வருபவர்கள் 55 வயதிலேயே சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும். அந்த வட்டி 5 வருடமும் ஒரே தொகை. முதல் வருடம் அதில் எட்டில் ஒரு பங்கு பிரீமியத்துக்குப் போகும், அதன்பிறகும் அதே வட்டி தொடர்வதாக வைத்தால் 61 வயதில் நான்கில் ஒரு பங்கு.

அதனால் பிரீமியத்தை மாதச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓய்வுப் பணத்திலிருந்து ஒரு 10 லட்சத்தைத் தனியாக எடுத்து, 5 லட்சத்தை டெபாசிட்டிலும் 5 லட்சத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிப் போகிற நல்ல இண்டெக்ஸ் ஃபண்டிலும் வையுங்கள். பிரீமியம் அதிலிருந்து மட்டுமே போகட்டும், மகள் கல்யாணம் வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். அந்த 10 லட்சம் சேரவில்லை என்றால் 55 என்பதை 57 ஆக்கிக்கொள்ளுங்கள்.