வெள்ளத்தில் ஆளை நிற்கவைத்து எடுத்த படம் ஆவணமாகுமா?

வெள்ளம் புகுந்த வீட்டில் ஆளை நிற்கவைத்து எடுத்தால் அது நடிப்புதானே என்று கேட்கிறீர்கள். இல்லை என்பது என் கட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த புகைப்படக்காரர் கிடியன் மெண்டல் 2007 முதல் பல நாடுகளில் இப்படித்தான் எடுக்கிறார்: இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீட்டுக்காரர் நம்மை நேராகப் பார்ப்பார். தண்ணீரை மெண்டலா கொண்டுவந்தார்? ஹெலிகாப்டர் படத்தில் கூரைதான் தெரியும், ஆள் தெரியாது. நீரில் ஊறிய குடும்பப் படங்களையும் அவர் சேகரிக்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பக்கம் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் அருகே டோங்காட் ஊரில், அந்த வெள்ளத்தில் நனைந்த என் பெரியம்மாவின் கல்யாண ஆல்பத்தில் மாலை அப்படியே இருக்கிறது, பெரியப்பா முகம் கரைந்துவிட்டது. அதுவும் ஆவணம்தான்.

சரி, காரணத்தைப் படம் சொல்லாது. புவி வெப்பமாதலால் அந்த டர்பன் வெள்ளத்தைக் கொண்டுவந்தது போன்ற மழைக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதாகக் கணக்கிட்டவர்கள் விஞ்ஞானிகள். ஆகவே படத்தின் கீழே இடமும் தேதியும் கட்டாயம் வேண்டும்.