'லுக் ஃபார்வர்ட் டு': பின்னால் 'மீட்' வருமா, 'மீட்டிங்' வருமா?

வரப்போகும் ஒன்றை நினைத்து மகிழ்ச்சியோடு காத்திருப்பதுதான் 'லுக் ஃபார்வர்ட் டு'. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று குழந்தை விரல்விட்டு எண்ணுமே, அந்த மனநிலை.

பலரும் சறுக்குவது 'டு'வில். 'ஐ வாண்ட் டு மீட் யூ' என்பதில் 'டு மீட்' இரண்டும் சேர்ந்து நம் 'சந்திக்க'. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் உள்ள 'டு' வேறு. நம் 'ஐ' உருபு மாதிரி பெயர்ச்சொல்லைத்தான் பிடிக்கும். 'சந்திக்கவை' என்று யாரும் சொல்வதில்லை, 'சந்திப்பதை' என்கிறோம் அல்லவா? அப்படித்தான் ஆங்கிலத்திலும் 'இங்' சேர்த்து வினையைப் பெயராக்க வேண்டும்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'டு மீட் யூ' பிழை.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'தி ஹாலிடேஸ்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்துகிறது, ஆகவே 'இங்' வரும். 'வாண்ட் டு தி ஹாலிடேஸ்' ஒட்டவே ஒட்டாது.

அலுவலகக் கடிதத்தை முடிக்க 'ஐ லுக் ஃபார்வர்ட் டு'. நண்பருக்கு 'ஐயம் லுக்கிங் ஃபார்வர்ட் டு' இயல்பாக இருக்கும்.

தமிழில் 'லுக் ஃபார்வர்ட் டு', 'எக்ஸ்பெக்ட்' இரண்டுக்கும் 'எதிர்பார்' என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். நாளை மின்வெட்டு வரும் என்பதற்கு 'எக்ஸ்பெக்ட்'தான் சரி, 'லுக் ஃபார்வர்ட் டு' போட்டால் மின்வெட்டுக்கு ஆசையோடு காத்திருப்பதாகப் பொருளாகிவிடும்.