கீழக்கரையில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பெட்ரோல் பம்ப் ரிலே அடிக்கடி போவது

பெட்ரோல் பம்புக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே மூன்று முறை போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நாலாவது ரிலே வாங்காதீர்கள், கோளாறு அதில் இல்லை. மூன்றுமே 87ஆம் பின் (பம்புக்குக் கரன்ட் போகும் முனை) பக்கம்தான் உருகியது என்கிறீர்கள். அப்படியென்றால் ரிலே செருகும் சாக்கெட்டுக்குள் அந்தப் பின்னைப் பிடிக்கும் டெர்மினல் தளர்ந்து பச்சை பூத்திருக்கும், முப்பது வருஷ வண்டியைக் கடலோரம் உப்புக்காற்றில் நிறுத்தினால் வேறென்ன ஆகும்!

பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பம்பின் பிளஸ் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அப்புறம் ரிலேயின் 30ஆம் பின்னுக்கும் (பேட்டரியிலிருந்து கரன்ட் வரும் முனை) 87க்கும் நடுவே பாருங்கள், இடம் பிடிபடும். டெர்மினலைச் சுரண்டிவிட்டால் போதாது, புதிதாகவே போடுங்கள்.

பம்பே தேய்ந்து அதிகக் கரன்ட் இழுத்தாலும் இதே கதைதான், வயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். அதுவரை பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், அடுத்து எரிவது வயரிங்தான்.