அரசியல் வன்முறை ஒரு சமூகத்தின் வளர்ச்சியையும் பாதுகாப்பையும் எப்படிப் பாதிக்கிறது?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சாமியறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் எப்போதும் ஒரு பை தொங்கும். உள்ளே காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் வேலைக் கடிதங்கள், எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள், கூப்பன் மட்டை. எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டு, வாயை மடித்து, ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார் அம்மா. நீங்கள் கேட்டிருப்பது பெரிய கேள்வி. ஆய்வாளர்கள் புள்ளிவிவரத்தோடு பதில் சொல்வார்கள். என்னால் அந்தப் பையிலிருந்துதான் தொடங்க முடியும்.

1995 அக்டோபர் 30. எனக்குப் பதினொரு வயது. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது, யாழ்ப்பாணப் பட்டணமும் சுற்றுப்புறமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தது. நான்கைந்து லட்சம் சனம் கிட்டத்தட்ட ஒரே இரவில் செம்மணி வீதிக்கும் நாவற்குழிப் பாலத்துக்கும் வந்து சேர்ந்தது. மழை வேறு. ஓர் அடி எடுத்து வைக்க நெடுநேரம் ஆனது. அப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தார். தண்ணீர் இறைக்கும் மெஷின் கிணற்றடியிலேயே நின்றது. அடுத்த நடுகைக்கென்று கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தூக்கியிருந்த விதை வெங்காயம் அப்படியே தொங்கியது. அம்மா அந்தப் பையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவ்வளவுதான் எங்களோடு வந்தது.

தென்மராட்சியில் ஆறு மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலும் பிறகு தெரிந்தவர் வளவிலும் இருந்துவிட்டுத் திரும்பினோம். சுவர் நின்றது. ஓடு இல்லை, கதவு இல்லை, ஜன்னல் நிலை இல்லை. அப்பா கிடுகால் ஒரு பத்தி இறக்கிச் சமையலுக்கு ஒதுக்கினார். கையில் காசு வந்த பிறகும் பல வருடம் அந்தப் பத்தியைக் கல்லால் கட்டவில்லை. முன்பு அவரே பின் வளவில் பலாவும் மாவும் தேசியும் நட்டவர். திரும்பி வந்த பிறகு கத்தரியும் மிளகாயும் மட்டும்தான். ஏன் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. வளர்ந்த பிறகுதான் புரிந்தது. தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதிலும் அவர் காசையோ உழைப்பையோ போடத் தயாராக இல்லை.

உங்கள் கேள்விக்கான என் பதிலும் அதுதான். வன்முறை கொன்றதையும் எரித்ததையும் எண்ணிவிடலாம். மிஞ்சிய மனிதர்கள் எவ்வளவு தூரம் முன்னால் பார்த்து வாழத் துணிகிறார்கள் என்பதை அது சுருக்கிவிடுகிறது. அதை எண்ண முடியாது. வளர்ச்சி என்று நாம் சொல்கிற எல்லாமே கிணறு, வீடு, மரம், பள்ளிக்கூடம், சங்கம், அயலவர் மேல் வைக்கிற நம்பிக்கை என்று ஓரிடத்தில் வேர்பிடித்து நிற்பவை. ஒன்றையும் பைக்குள் போட முடியாது.

1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மனித வளர்ச்சி அறிக்கையை முதன்முதலாக வெளியிட்டது. அதன் பின்னால் நின்றவர் பாகிஸ்தானின் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். அமர்த்தியா சென் துணை நின்றார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு. 1994 அறிக்கையில் 'மனிதப் பாதுகாப்பு' என்ற சொல்லை முன்னால் கொண்டுவந்தார்கள். நாட்டின் எல்லையைக் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது; சாப்பாடு, உடல்நலம், வேலை, சுற்றுச்சூழல், தனிமனித உயிர், சமூகம், அரசியல் உரிமை எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு என்றார்கள். நல்ல பார்வை, எனக்குப் பிடித்தமானது. ஆனால் அந்தக் குறியீட்டில் இலங்கை இன்று 0.78 அளவில், 'உயர் வளர்ச்சி' வரிசையில் நிற்கிறது. நாடு முழுவதற்கும் சராசரி போட்டால் அப்படித்தான் வரும். போர் சிதைத்த முல்லைத்தீவும் கிளிநொச்சியும் கொழும்போடு சேர்ந்து அந்த எண்ணுக்குள் காணாமல் போகின்றன.

சரி, தூக்கிக்கொண்டு போகக்கூடியவை எவை? நகை. படிப்பு. வெளிநாடு போகிற மகன். எங்கள் சனம் முப்பது வருடம் காசைப் போட்டது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். ஐந்து பரப்புக் காணியை விற்றுப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு. அந்தப் பிள்ளைகள் அனுப்பிய காசில்தான் ஊர் சாப்பிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஊரில் ஒரு பட்டறையோ ஒரு சங்கமோ நடத்தியிருக்க வேண்டிய வயதில் அவர்கள் பனியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

படிப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் ஜாம் போத்தல் விளக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். போரின்போது அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்துத்தான் நானும் வந்தேன். இருந்தாலும் இதைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்வதை நான் விரும்புவதில்லை. படித்து வந்தவன்தான் கதை சொல்ல மிஞ்சியிருக்கிறான். விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் புத்தகத்தை மூடியவர்களும், புலிகள் கொண்டுபோய்த் துவக்கு (துப்பாக்கி) கொடுத்த பிள்ளைகளும் அந்த வகுப்பறையில்தான் இருந்தார்கள். வன்னியில் போரின் கடைசி வருடங்களில், புலிகளின் ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றவென்று பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசர அவசரமாகக் கல்யாணம் கட்டிவைத்தார்கள். அந்தப் பெண்களில் பலர் இன்று தனியாகக் குடும்பம் நடத்துகிறார்கள், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் சான்றிதழ்கூட இல்லாமல். அவர்களைக் காப்பாற்ற எடுத்த முடிவுதான் அவர்களுடைய படிப்பையும் முடித்துவைத்தது.

அப்புறம், நாங்கள் சொல்லத் தயங்குகிற ஒன்று. எங்கள் இரவுக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் விரட்டப்பட்டார்கள். நாங்கள் ஒரு பையாவது கொண்டு போனோம். அவர்களுடைய நகையையும் பணத்தையும்கூடப் புலிகள் வழியில் வாங்கிக்கொண்டார்கள். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவின் இரும்புக்கடைகளும் தையல் கடைகளும் நகைப் பட்டறைகளும் ஒரு பகலில் அடங்கின. யாழ்ப்பாணப் பட்டணத்தின் வியாபாரம் அன்று இழந்தது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்று நினைக்கிறேன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது.

எங்கள் பெரியப்பாவுக்கு முகமாலைப் பக்கம் தென்னங்காணி இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை, எங்களுக்குக் கண்டி வீதி, திறந்தது. கண்டி வீதியால் பஸ் ஓடுவதைப் பார்க்கவே ஆட்கள் வேலியோரம் நின்ற நாட்கள் அவை. பெரியப்பாவும் நம்பினார். பிடுங்கிப் போட்ட வேலியை மறுபடி அடைத்து, 2003இல் எழுபது தென்னம்பிள்ளை வைத்தார். காலையும் மாலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினார். 2006 ஆகஸ்டில் அந்த இடமே போர்முனை ஆனது, பாதையும் மூடப்பட்டது. தென்னம்பிள்ளை காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. சண்டை முடிந்தபோது முகமாலை நாட்டிலேயே மிக மோசமான கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. செல்லடியில் தலை போன தென்னைகள் கம்பங்களாக நின்றன. கணவனை இழந்த பெண்கள் பலர் தலைக்கவசத்தோடு முழந்தாளிட்டு, சிறிய கருவியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி அந்த நிலத்தை மீட்டார்கள். வீட்டுக்குச் சோறு போட அவர்களுக்குக் கிடைத்த வேலை அதுதான்.

காணி கையில் கிடைத்த பிறகு பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். தென்னை வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"கச்சான் போட்டிருக்கிறன் தம்பி," என்றார். நிலக்கடலையைத்தான் கச்சான் என்போம். "மூண்டு மாசத்தில கைக்கு வந்திடும்."

அவருக்கு அப்போது எழுபத்தொன்று. வயதைக் காரணம் சொல்லலாம். ஆனால் எங்கள் தாத்தா எண்பதில் பனங்கொட்டை ஊன்றியவர். பனை பலன் தரப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

உலக வங்கி 2011இல் மோதல், பாதுகாப்பு, வளர்ச்சி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1981 முதல் 2005 வரை பெரும் வன்முறையைச் சந்தித்த நாடுகளில் வறுமை விகிதம், வன்முறை இல்லாத நாடுகளைவிட 21 சதவீதப் புள்ளி அதிகம் என்கிறது அது. படிக்கும்போது எனக்குப் பெரியப்பாவின் கச்சான்தான் நினைவுக்கு வந்தது. மூன்று மாதப் பயிரை மட்டும் நம்பி ஒரு தலைமுறையே வாழ்ந்தால் அந்த 21 எப்படி வராமல் போகும்? 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் நின்றது. அதே வருடம் நின்ற யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 அக்டோபரில். தண்டவாளம் போட்டுவிடலாம். ஆலையில் வேலை பழகியிருக்க வேண்டிய இளைஞர்கள் அந்த இருபத்து நான்கு வருடத்தில் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சண்டை முடிந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கணவரை, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காணி அவர் பெயரில். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் காணியை மாற்ற முடியாது, வங்கியில் கடனும் கேட்க முடியாது. ஆளைக் காணவில்லை என்று சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் வந்தது. மாமி அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. "கையெழுத்து வைச்சா நானே அவரை முடிச்ச மாதிரி," என்கிறார். வங்கிக்குப் போக வழியில்லாமல் கிழமைக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து தவணை வாங்குகிற நுண்கடன்காரரிடம் சிக்கினார். தவணைக்குத் தவணை இன்னொரு கடன். 2017 பெப்ரவரியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் போனவர்களைத் தேடித் தெருவோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மாரின் பின்னால் இப்படி ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் இருக்கிறது. துவக்குச் சத்தம் ஓய்ந்தாலும் அந்த மாமிக்கு உணவும் வருமானமும் மன அமைதியும் வந்துவிடவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்த நாள். அன்று நான் ஊரில் இருந்தேன். அன்று மாலை ஊரடங்கு. தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து சாமியறைக்குப் போனார். பையை இறக்கி, பொலித்தீனைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி மடித்தார். ரப்பர் வளையம் இற்றுப் போயிருந்தது. புதிது ஒன்று கேட்டார்.

போன வருடம் போனபோது நானே அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே என் மகளின் பிறப்புச் சான்றிதழின் பிரதி. நான் கொடுக்கவில்லை. என் மனைவியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.