பெயர் கேட்கும் பெட்டிகள்

கேள்வி: எங்கள் தளத்தில் பல நாட்டினர் பதிவு செய்கிறார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். சிலர் கடைசிப் பெயரில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்களே?

பதில்: அவர்களைக் குறை சொல்லாதீர்கள். போடுவதற்கு அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஹங்கேரியிலும் ஜப்பானிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். அங்கே ‘கடைசிப் பெயர்’ என்றால் எதைக் கேட்கிறீர்கள் என்றே புரியாது.

‘முழுப் பெயர்’ என ஒரே பெட்டி போதும். கடிதத்தில் விளிக்க வேண்டுமானால், ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று கட்டாயமில்லாத இன்னொரு பெட்டி. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டிய படிவத்தில் மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். அப்போதும் குடும்பப் பெயரைக் காலியாக விட வழி இருக்கட்டும்.

கேள்வி: எந்த மொழி எழுத்தையும் ஏற்கும்படி, யூனிகோடின் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரம்) ‘எழுத்து’ வகையை அனுமதித்தோம். ஆனாலும் ‘குமார்’ என்று தமிழில் அடித்தால் ‘செல்லாத எழுத்து’ என்கிறது.

பதில்: நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு குறிகள். க, உகரக் குறி, ம, கால், ர, புள்ளி. இவற்றில் க, ம, ர மட்டுமே ‘எழுத்து’ வகை. மற்ற மூன்றும் ‘ஒட்டுக்குறி’ வகை. அதையும் அனுமதிக்க வேண்டும். இடைவெளி, இணைப்புக்கோடு, மேற்கோள் குறி (நேரானது, வளைந்தது இரண்டும்) ஆகியவையும் பெயர்களில் வரும். இப்படிச் சேர்த்துக்கொண்டே போவதைவிட, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும் தடுத்துவிட்டு, பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்வதே (நிரலாக இயங்காமல் வெறும் எழுத்தாகவே தெரியும்படி மாற்றுவதே) மேல்.

நீள வரம்பையும் பாருங்கள். யூனிகோடு குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்த ‘குமார்’ 18 பைட். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யூடிஎஃப்8’ ஒரு குறிக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். பெயர்களில் வரும் சில அரிய சீன எழுத்துகளுக்கு நான்கு வேண்டும். ‘யூடிஎஃப்8எம்பி4’ வையுங்கள். ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம், என்எஃப்சி வடிவுக்கு (இரண்டையும் ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றாமல் ஒப்பிட்டால் தேடலில் ஆள் கிடைக்கமாட்டார்.

கேள்வி: அஞ்சல் குறியீட்டை எண்ணாகச் சேமிக்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் 02134, 2134 ஆகிவிடும். பிரிட்டன், கனடா குறியீடுகளில் எழுத்துகளும் உண்டு. எண் விசைப்பலகை மட்டும் காட்டினால் அவர்களால் அடிக்கவே முடியாது. ஹாங்காங்கில் குறியீடே இல்லை. ஆகவே நாட்டை முதலில் கேளுங்கள். மாநிலம், குறியீடு கட்டாயமா என்பதை அதன்பின் முடிவு செய்யுங்கள். தெரு முகவரிக்குப் பல வரி ஏற்கும் ஒரே பெட்டி போதும்.