தடுத்தவர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மாண்ட்ரியல் அணியின் பழைய ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் கீ கார்பனோவைப் பற்றிப் போன முறை ரெண்டு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. எதிரணியை கோல் அடிக்க விடாமல் தடுப்பதையே முதல் வேலையாக வைத்திருந்த ஐஸ் ஹாக்கி ஃபார்வர்டுகளை (முன்வரிசை ஆட்டக்காரர்களை) டொரொண்டோ ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஹாக்கியின் புகழ் மண்டபத்தில், சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்க வேண்டும், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபார்வர்டின் வேலையே கோல் அடிப்பதுதானே? கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) சேர்த்து வெறும் 501 பாயின்ட் எடுத்த பாப் கெய்னி உள்ளே இருக்கிறார், அவரைவிட இரண்டு மடங்கு எடுத்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான். கெய்னி 1,160 ஆட்டங்களில் 239 கோல் அடித்தார், சரி. ஆனால் மாண்ட்ரியல் அணியில் அவர் இருந்த காலத்தில் என்.ஹெச்.எல் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை 5 முறை வந்தது. எதிரணியின் சிறந்த விங்கர் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்ட்) களத்தில் இறங்கினால் எதிரே கெய்னியும் இறங்குவார். சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி விருதை 1977-78 சீசனில்தான் தொடங்கினார்கள், முதல் நான்கு வருடமும் அது அவர் வீட்டுக்கே போனது. 1979 பிளேஆஃப்ஸில் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில்) 16 ஆட்டத்தில் 16 பாயின்ட் எடுத்து, அந்தச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் வாங்கினார், அதனால் அடிக்கத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது.

ஒரு கோல் அடிப்பதற்கும் ஒரு கோலைத் தடுப்பதற்கும் வெற்றிக் கணக்கில் மதிப்பு ஒன்றுதான். கிரிக்கெட்டில் மெய்டன் ஓவருக்காவது ஸ்கோர் கார்டில் ஒரு கட்டம் உண்டு, ஹாக்கியில் தடுத்த ஃபார்வர்டுக்கு அதுகூடக் கிடையாது. ஹால் ஆஃப் ஃபேமின் விதியைப் படித்துப் பாருங்கள்: ஆட்டத்திறன், விளையாட்டுப் பண்பு, நடத்தை, அணிக்கும் ஹாக்கிக்கும் செய்த பங்களிப்பு, இவ்வளவுதான் கேட்கிறார்கள். இத்தனை பாயின்ட் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தேர்வுக் குழுவில் 18 பேர், 14 ஓட்டு விழுந்தால் உள்ளே. 1992-ல் கெய்னிக்கு அது விழுந்தது.

தடுத்தார், தடுத்தார் என்கிறீர்கள். எதை வைத்துச் சொல்வது? ஒருவர் பெயர் வாங்கிவிட்டால் அதுவே ஓடிக்கொண்டிருக்காதா?

நல்ல கேள்வி, இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலில் ஃபேஸ்-ஆஃப், அதாவது இருவர் நடுவில் நடுவர் பக்கை (ரப்பர் வட்டை) போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. தன் கோலுக்குப் பக்கத்தில் நடக்கும் ஃபேஸ்-ஆஃபில் தடுக்கும் அணியின் சென்டர், அதாவது நடுவில் ஆடும் ஃபார்வர்ட்தான் முதலில் மட்டையைப் பனியில் வைக்க வேண்டும், 2015-16 முதல் இதுதான் விதி. அவர் மட்டையை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு எதிராளி தன்னுடையதை வைப்பார். அதாவது தடுக்கும் சென்டர் ஆரம்பத்திலேயே ஒரு படி பின்தங்கித்தான் நிற்கிறார், கீழ்க்கை மட்டையின் அடிவரை இறங்கியிருக்கும், முதுகு கிட்டத்தட்டப் பனிக்கு இணையாக வளைந்திருக்கும். அந்த நிலையில் பக்கைத் தன் டிஃபென்ஸ்மேனிடம் பின்னால் தட்டிவிடுகிறாரே, அதை ஆட்டத்துக்கு ஆட்டம் செய்பவரிடம் ஏதோ இருக்கிறது.

இரண்டாவது, பக் பறிபோனவுடன் திரும்பி ஓடிவரும் விதம். சாதாரண ஃபார்வர்ட் பக்கை வைத்திருப்பவனைத் துரத்துவார். நல்ல தற்காப்பு ஃபார்வர்ட் அவனுக்கும் கோலுக்கும் நடுவில் போய்ச் சேருவார், அவனைப் பலகை ஓரத்துக்கு ஒதுக்குவார், மட்டையைக் கீழே நீட்டி பாஸ் போகும் வழியை அடைப்பார். அதற்கு மேல் அங்கே ஒன்றுமே நடக்காது. அதனால் ஹைலைட்ஸிலும் வராது.

மூன்றாவது, கோச் யாரை அனுப்பினார் என்பது. இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். 1993 இறுதிச்சுற்று முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கோல், மூன்று அசிஸ்ட், அவர் அணி மாண்ட்ரியலை 4-1 என்று ஜெயித்தது. கார்பனோ நேரே கோச் ஜாக் டெமேர்ஸிடம் போய், கிரெட்ஸ்கியை என்னிடம் விடுங்கள் என்று கேட்டார். மாண்ட்ரியல் அடுத்த நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. அதில் மூன்று வெற்றி ஓவர்டைமில் வந்தது, ஆகவே எல்லாம் கார்பனோ ஒருவரால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதல் ஆட்டம் மாதிரி இன்னொன்று கிரெட்ஸ்கிக்கு அந்தத் தொடரில் கிடைக்கவில்லை.

பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கும் கணக்கை) மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். எப்போதும் தன் கோல் பக்கம் ஆட்டத்தைத் தொடங்குகிறவர், எப்போதும் எதிரணியின் முதல் வரிசையோடு மோதுகிறவர், அவருக்கு அந்த எண் எப்படி அழகாக வரும்?

மூன்று செல்கி வாங்கினால் போதும் என்று ஒரு கணக்கு வைத்துவிடலாமே?

வைக்க முடியாது, ஏனென்றால் விருதே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. ஆரம்பத்தில் தடுப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். போகப் போக, நன்றாக அடித்துக்கொண்டே தடுக்கவும் செய்பவர்கள் பக்கம் ஓட்டு சாய்ந்தது. 1994-ல் செர்கெய் ஃபெடரோவ் செல்கியும் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் சேர்த்து வாங்கினார். மூன்று செல்கி வாங்கிய பாவெல் டட்சூக்கை 2024-ல் சேர்த்தார்கள், அவருடைய கைவித்தைக்கே இடம் கிடைத்திருக்கும். ஆறு செல்கி வாங்கிய பேட்ரிஸ் பெர்ஜெரோன் 1,040 பாயின்டுடன் 2023-ல் ஓய்வு பெற்றார், மூன்று வருடக் காத்திருப்பு முடிந்து 2026-ல்தான் தகுதி பெறுகிறார். அவர் நுழைவதில் எந்தச் சிக்கலும் இருக்காது, ஆனால் அவர் அடித்த கணக்கே போதும் என்பதால் அதை நம் கட்சியின் வெற்றியாக எண்ண முடியாது.

எனக்கு மனம் ஆறாதது கார்பனோ விஷயம்தான். மூன்று செல்கி, மூன்று கோப்பை, 2000-ல் ஓய்வு. உள்ளே விட்டது 2019-ல்! அதே மூன்று செல்கி வாங்கிய யேரே லெஹ்டினன் 2025 பட்டியல் வரை வெளியேதான். அவர் விங்கர், ஃபேஸ்-ஆஃப் பெருமைகூடக் கிடையாது. டல்லாஸில் மைக் மொடானோ பக்கத்தில் ஆடினார், மொடானோ முன்னே பாயும்போது பின்னால் காலியாகிற இடத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஃபின்லாந்துக்கு நான்கு ஒலிம்பிக் பதக்கம் வேறு. என்னிடம் ஓட்டு இருந்தால் லெஹ்டினனுக்குத்தான் முதலில்.

ராட் பிரிண்டமோர்?

1,184 பாயின்ட், இரண்டு செல்கி, 2006-ல் கரோலினாவின் கேப்டனாகக் கோப்பை. தற்காப்பு என்ற சீட்டே அவருக்குத் தேவையில்லை. இந்த வாசல், அந்த வாசல், எந்த வாசல் வழியாக வந்தாலும் விட வேண்டியவர்.

செல்கி வருவதற்கு முன்னால் இப்படி ஆடியவர்கள் கதை?

டேவ் கியான் இருக்கிறார், 1967-ல் டொரொண்டோ கோப்பை வென்றபோது 12 ஆட்டத்தில் 8 பாயின்ட் மட்டும் எடுத்துக் கான் ஸ்மைத் வாங்கினார், அந்த 8-ஐப் பார்த்தாலே எதற்குக் கொடுத்தார்கள் என்று புரியும். அவரை 1986-ல் சேர்த்தார்கள்.

வெளியே விட்டுவிட்டது க்ளோட் ப்ரோவோவை. மாண்ட்ரியல் விங்கர், 9 ஸ்டான்லி கோப்பை, ஒன்பது! பாபி ஹல் என்ற புயலுக்குக் காவல் இவர்தான், ஹல் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு கூடவே போவார். 1965 இறுதிச்சுற்றில் ஹல்லின் சிகாகோவை ஏழு ஆட்டத்தில் முடித்தார்கள், அந்த சீசனில் ப்ரோவோ லீகின் முதல் ஆல்-ஸ்டார் அணியில் வலது விங்கர். 1961-62-ல் 33 கோல் அடித்தவரும்கூட. 1984-ல் இறந்துபோனார், அவருக்கு நேரில் கொடுக்கும் வாய்ப்பு போய்விட்டது. குடும்பத்துக்காவது கொடுக்கலாம்.

இப்படியே போனால் டக் ஜார்விஸ், கிரிஸ் டிரேப்பர், ஜான் மேடன் என்று தடுப்பதில் பெயர் வாங்கிய எல்லோரையும் சேர்க்க வேண்டி வராதா?

வராது. எதிரணி கோச் ராத்திரி உட்கார்ந்து, இந்த ஒருவரிடமிருந்து என் நட்சத்திரத்தை எப்படித் தப்பவைப்பது என்று பல வருடம் யோசித்திருக்க வேண்டும், அதுதான் என் கோடு. டிரேப்பரும் மேடனும் அருமையான ஆட்டக்காரர்கள், அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஜார்விஸ் விஷயத்தில் கொஞ்சம் தடுமாறுகிறேன். 964 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக, மாண்ட்ரியலில் முதல் நான்கு சீசனிலும் கோப்பை. ஆனால் அதே அணியில் பெரிய நட்சத்திரத்தின் எதிரே நின்றவர் கெய்னி. அதனால் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகள் சென்டர் ஆடுகிறாள், கோலே விழுவதில்லை, அழுகிறாள். ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கூட்டிப் போனால் என்ன காட்டலாம்?

கட்டாயம் கூட்டிப் போங்கள் அம்மா. யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சேரும் மூலையில் பழைய வங்கிக் கட்டடம், வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே விருதுகள் இருக்கும். ஸ்டான்லி கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் செல்கி கோப்பையைத் தேடிக் கெய்னியின் பெயர் நான்கு வருடம் வரிசையாக இருப்பதைக் காட்டுங்கள். அடுத்த ஆட்டத்தில் போனில் வீடியோ எடுக்கும்போது பக்கைத் தொடராமல் அவளை மட்டும் எடுங்கள். பக் பறிபோன நொடியில் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள், மட்டை பனியில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். மட்டை பனியில் இருந்தால் அவளுடைய கோச்சிடம் பெனால்டியால் அணியில் ஆள் குறையும் நேரத்தில் அவளை இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.